ரிசல்ட் நேரத்துல பிள்ளைங்க பக்கத்துல இருந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

விழுப்புரம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். கவர்மெண்ட் ஹயர் செகண்டரி ஸ்கூல்ல +2 கிளாஸ் டீச்சரா இருக்கேன். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே இத எழுதிடணும்னு தோணுச்சு, வந்தப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்.

எங்க ஸ்கூல்ல ஒரு பழக்கம் வச்சிருக்கோம். காலைல ரிசல்ட் வந்ததும் ஃபெயிலான பசங்க லிஸ்ட்ட மட்டும் தனியா எடுத்து டீச்சருங்க பிரிச்சிக்கிட்டு போன் போடுவோம். பாஸான பிள்ளைங்க எப்படியும் அவங்களே கூப்பிடுவாங்க, ஃபெயிலானவங்க கூப்பிடவே மாட்டாங்க. ஒரு வருஷம் ஒரு பையன், கணக்குல மட்டும் போயிடுச்சு, எத்தன தடவ அடிச்சும் போன் எடுக்கல. அப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, அம்மா நூறு நாள் வேலைக்கு போயிட்டாங்க, வீட்ல யாரும் இல்ல. அதே தெருவுல இருக்குற இன்னொரு பையன புடிச்சு, டேய் நீ போய் அவன் கூட உக்காரு, நாங்க வர்ற வரைக்கும் தனியா விடாதன்னு சொல்லிட்டு நானும் பி.டி. சாரும் வண்டிய எடுத்துட்டு கெளம்பிட்டோம்.

போனா கதவ சாத்திக்கிட்டு உள்ள இருக்கான். மார்க்க பத்தி ஒரு வார்த்த பேசல நாங்க. பி.டி. சார் அவன் பக்கத்துல தரையில உக்காந்து நேராவே கேட்டாரு, "செத்துடலாம்னு தோணுதாடா தம்பி?"ன்னு. அப்படியே உடைஞ்சு அழுதான், ஆமா சார்னு சொன்னான். அவங்கம்மா வர்ற வரைக்கும் அங்கயேதான் இருந்தோம். அதுக்கப்புறம்தான் சப்ளிமென்டரி பத்தி சொன்னோம். அவனுக்கு அது தெரியும், ஆனா அன்னைக்கு அது மனசுக்குள்ள ஏறவே இல்ல. ஜூலைல எழுதி பாஸ் பண்ணி அதே வருஷம் காலேஜ்லயும் சேர்ந்துட்டான்.

இளைய டீச்சருங்களுக்காக ஒண்ணு சொல்றேன். இந்த சப்ளிமென்டரி சும்மா வந்துடல. முன்னெல்லாம் மார்ச்சுல ஃபெயிலானா அந்த வருஷமே போச்சு, கூடப் படிச்சவன் காலேஜ் போவான், இவன் வீட்ல உக்காந்திருப்பான். மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல சென்னையில ஆரம்பிச்ச ஸ்நேகாங்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, வருஷம் வீணாகாத மாதிரி மறுதேர்வு வைங்கன்னு அரசாங்கத்துகிட்ட விடாம கேட்டாங்க. 2017ல அரசாங்கம் ஸ்டேட் ஃபர்ஸ்ட் டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட்னு அறிவிக்கிறதையும் நிறுத்திடுச்சு. அதுல எவ்ளோ பிள்ளைங்க மூச்சு விட்டாங்கன்னு வகுப்புல நிக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

ஹெல்ப்லைன் கவுன்சிலர்:
டீச்சர், உங்க பி.டி. சாருக்கு என் கும்பிடு. அந்தக் கேள்விய நேரா கேக்க ட்ரெய்னிங் எடுத்தவங்களே தயங்குவாங்க. கேட்டா நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோன்னு எல்லாருக்கும் பயம். அப்படி ஆகாதுன்னு ஆராய்ச்சியெல்லாம் சொல்லுது, என் அனுபவமும் அதேதான். யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருக்குற பிள்ளைங்கதான் நெறைய.

ஹெல்ப்லைன்னா நம்பர் குடுத்துட்டு அவங்க கூப்பிடட்டும்னு இருக்கறதுதான் வழக்கம். நம்ம ஊர்ல அத மாத்துனாங்க. 2021ல நீட் எழுதின ஒரு லட்சத்துக்கும் மேல பிள்ளைங்களுக்கு சுகாதாரத்துறையே 104 ஹெல்ப்லைன் மூலமா போன் பண்ணி பேச ஏற்பாடு பண்ணாங்க. நம்பர் லிஸ்ட் கல்வித்துறை பக்கம் இருக்கும், பேசுற ஆளு சுகாதாரத்துறை பக்கம், ரெண்டு பேரும் சேரலன்னா இது நடக்கவே நடக்காது. மாவட்ட மனநலத் திட்டத்துல இருக்குற டாக்டர், சைக்காலஜிஸ்ட்டெல்லாம் கூட இருப்பாங்க.

போன எடுக்கறது பெரும்பாலும் அப்பா அம்மா. என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கான், வச்சிடுங்கன்னு சொல்லுவாங்க. வைக்க மாட்டோம். சரிங்க, சந்தோஷம், ஒரே ஒரு நிமிஷம் தம்பிகிட்ட குடுங்க, அடுத்து என்ன படிக்கலாம்னு பேசிட்டு வச்சிடறேன்னு சொன்னா குடுத்துடுவாங்க. முதல்ல சாப்ட்டியா தூங்கினியான்னுதான் ஆரம்பிப்போம். ரெண்டு நாளா தூங்கல, யார்கிட்டயும் பேசல, தன்னோட பொருள எல்லாம் எடுத்து தம்பி தங்கச்சிக்கு குடுத்துட்டான் இப்படி ஏதாவது காதுல விழுந்தா அப்புறம் போன விடவே மாட்டோம், வீட்ல ஒரு பெரியவங்கள பக்கத்துல உக்கார வச்சுட்டு மாவட்ட டீமுக்கு தகவல் சொல்லிடுவோம்.

இப்ப 14416 இருக்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022ல வந்தது, ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். 104ம் இருக்கு. பிள்ளைங்கதான் கூப்பிடணும்னு இல்ல, பிள்ளைய நெனச்சு பயமா இருக்குற அப்பா அம்மா, டீச்சர், ஃப்ரெண்டு யாரும் கூப்பிடலாம்.

தருமபுரி அப்பா:
எனக்கு அப்படி ஒரு போன் வந்துச்சுங்க. பொண்ணு ரெண்டாவது தடவ நீட் எழுதியிருந்தா. புது நம்பர், எதாவது லோன் கம்பெனியா இருக்கும்னு கட் பண்ணிட்டேன், திரும்ப வந்துச்சு. அந்த மேடம் பொண்ணுகிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க, அப்புறம் என்கிட்ட, அப்பா நீங்க நாளைக்கே ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போங்கன்னாங்க. சொந்தக்காரங்க எல்லாம் பைத்தியத்துக்கு பாக்குற டாக்டர்கிட்டயா கூட்டிட்டு போற, நாளைக்கு கல்யாணம் எப்படி ஆகும்னு கேட்டாங்க. உசுரு இருந்தாத்தானே கல்யாணம்னு சொல்லிட்டு கூட்டிட்டு போயிட்டேன். மாத்திரை, பேச்சு எல்லாம் அங்கயே, ஒரு ரூபா செலவில்ல. இப்ப நர்சிங் படிக்குது.

காட்டுமன்னார்கோயில்:
நான் டீச்சரும் இல்ல டாக்டரும் இல்ல, விவசாயி. எங்க தாலுகாவுல பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடி ஸ்நேகாக்காரங்க வந்து ஒரு வேலை பண்ணாங்க, அத யாரும் இங்க சொல்லல. கிராமத்து ஆளுங்களோட சேர்ந்து பூச்சிமருந்து வைக்க பொதுவா ஒரு கட்டடம் கட்டி, பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி. ஒரு சாவி நம்மகிட்ட, இன்னொண்ணு பாத்துக்கற ஆளுகிட்ட, ரெண்டும் இருந்தாத்தான் தெறக்கும். மருந்து வீட்ல இருக்கவே இருக்காது. வீட்ல சண்ட வரத்தான் செய்யும், கோவம் கொஞ்ச நேரத்துல எறங்கிடும், அந்த கொஞ்ச நேரத்துக்கு கைக்கு எட்டாம இருந்தா போதும். பக்கத்துல பெட்டி வைக்காத ரெண்டு கிராமத்தோட ஒப்பிட்டு பாத்தும் எழுதியிருக்காங்க. இப்படி எல்லா ஊர்லயும் ஏன் கட்டலன்னு நான் கிராம சபையில கேட்டுட்டே இருக்கேன், இன்னும் கேப்பேன்.

யாழ்ப்பாணம்:
அண்ணை சொன்னது நூறு வீதம் சரி. எங்கட இலங்கையில 1995 அளவில தற்கொலை, உலகத்திலயே மிக அதிகமா இருந்த நாடுகளில ஒண்டு எண்டு சொல்லுற அளவுக்கு இருந்தது, அதில இளம் பிள்ளையளும் கன பேர். அரசாங்கம் படிப்படியா ஆபத்தான பூச்சிமருந்துகளத் தடை செய்துகொண்டு வர, இருபது வருசத்தில 70 வீதமளவு குறைஞ்சு போச்சு. விளைச்சல் குறையும் எண்டு பயந்தவை, அப்பிடி ஒண்டும் நடக்கேல்ல. நான் பள்ளிக்கூடத்தில ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். ஏ.எல் (உங்கட +2 மாதிரி) ரிசல்ட்ஸ் வாற கிழமை பிள்ளையளோட கதைக்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில இருந்து ஆக்கள வரச் சொல்லுவம், பிள்ளையளுக்கு முகம் பழகிட்டுதெண்டா பிறகு தாங்களா தேடிப் போவினம். இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு மனநல உதவி இலக்கம் 1926.

சேலம் அக்கா:
என் தங்கச்சி பையன், 19 வயசு, போன வாரம் தற்கொலைக்கு முயற்சி பண்ணிட்டான், காப்பாத்திட்டாங்க. முதல்ல கொண்டு போன ஒரு நர்சிங் ஹோம்ல போலீஸ் கேஸாகும்னு சேக்கவே யோசிச்சாங்க. இப்ப வீட்டுக்கு வந்துட்டான். கேஸ் வருமா? எப்படி பாத்துக்கறது? தங்கச்சி தூங்காம காவல் காக்கறா.

ஹெல்ப்லைன் கவுன்சிலர்:
அக்கா, முதல்ல பையன் பொழச்சு வீட்டுக்கு வந்தது பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில போலீசுக்கு தகவல் குடுப்பாங்க, வந்து விசாரிப்பாங்க, அதுக்கு பயப்படாதீங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 115வது பிரிவுல, கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. தற்கொலை முயற்சிய குத்தம்னு சொன்ன ஐ.பி.சி. 309வது பிரிவு, 2024ல அமலுக்கு வந்த புது குற்றவியல் சட்டத்துல இல்லவே இல்ல.

டிஸ்சார்ஜ் ஆகி வர்ற முதல் சில வாரந்தான் ரொம்ப கவனமா இருக்கணும். சென்னை, கொழும்பு உட்பட அஞ்சு ஊர்ல உலக சுகாதார நிறுவனம் நடத்தின ஆய்வு 2008ல வந்துச்சு. பெருசா ஒண்ணும் பண்ணல, வீட்டுக்கு அனுப்பும்போது உக்கார வச்சு பேசினாங்க, அப்புறம் ஒன்றரை வருஷம் அப்பப்ப போன்லயோ நேர்லயோ எப்படிப்பா இருக்கன்னு கேட்டாங்க. அப்படி விசாரிச்சு பாத்துக்கிட்ட ஆளுங்கள்ல தற்கொலையால இறப்பு ரொம்ப கம்மியா இருந்துச்சு. அதனால தங்கச்சி ஒருத்தியே பாக்க வேணாம், மாமா, சித்தப்பா, அவன் ஃப்ரெண்டு எல்லாரும் முறை போட்டுக்குங்க. வீட்ல மருந்து மாத்திரை எல்லாத்தையும் பூட்டி வைங்க. ஏன்டா இப்படி பண்ணனு யாரும் கேக்காம பாத்துக்குங்க. தங்கச்சியையும் 14416க்கு பேசச் சொல்லுங்க, அவங்களுக்கும் ஆறுதல் வேணும். ஜிஹெச்ல அடுத்த ஓபி என்னைக்குன்னு இன்னைக்கே கேட்டு, யார் கூட்டிட்டு போறதுன்னும் இப்பவே முடிவு பண்ணிடுங்க.