வீட்டில் துப்பாக்கி வைப்பதற்கு முன் மனதில் எதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்?

பிரிஸ்கோவாசி:
டல்லாஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. இந்தப் பகுதியில் நம்மவர்கள் வீடாகப் பார்த்து நகைக்காக உடைக்கிறார்கள், அதனால் மனைவிக்குச் சரியான தூக்கமே இல்லை, பிள்ளைகள் இரண்டும் சின்னவர்கள். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்த மாடல் என்று கேட்கவில்லை, அதைக் கடையிலேயே சொல்வார்கள். ஒருவன் உள்ளே வந்துவிட்டால் நான் சுடலாமா, எப்போது சுடக்கூடாது, சுட்டபின் அதோடு எப்படி வாழ்வது, இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. டெக்சஸ் சட்டம் வீட்டுக்காரன் பக்கம் என்கிறார்கள். அது போதுமா?

மணி அண்ணன், ஆஸ்டின்:
போதாது தம்பி. இங்கே இரவுத் திருட்டைத் தடுக்கக்கூட, சில நிபந்தனைகளோடு, ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது (தண்டனைச் சட்டம் 9.42). இருக்கட்டும். நகைக்காக ஒருவனைக் கொல்லமாட்டேன் என்பதை இன்றைக்கே, பகல் வெளிச்சத்தில், மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நெஞ்சு படபடக்கும் நேரத்தில் யாருக்கும் புது யோசனை வராது, ஏற்கெனவே தீர்மானித்து வைத்ததுதான் வெளியே வரும். நகைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

பயிற்சியில் மூன்று கேள்வி சொல்லித்தருவார்கள். உயிரெடுக்கும் பலம் அவனிடம் இருக்கிறதா? அங்கிருந்து உங்களை எட்ட முடியுமா? செய்யப்போகிறான் என்பது அவன் நடத்தையில் தெரிகிறதா? மூன்றுக்கும் ஒரே சமயத்தில் ஆமாம் என்றால்தான் விரல் விசைக்குப் போக வேண்டும். திரும்பி ஓடினான் என்றால் அத்தோடு முடிந்தது, முதுகில் சுடுவது தற்காப்பு இல்லை. விழுந்துவிட்டால் அவனுக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியவர் நீங்கள்தான்.

சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு கீழே இறங்காதீர்கள். பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து, கதவைப் பூட்டி, 911 அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டு, போனை வைக்காமல் அங்கேயே இருங்கள். இங்கத்திய வீட்டுச் சுவர் வெறும் ஜிப்சம் பலகை, 9 மிமீ குண்டு அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை வீட்டைச் சுற்றிப் பார்த்து இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஹூஸ்டன் கலா:
மணி அண்ணா சொன்னதோடு இன்னொன்று, எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் சுடக்கூடாது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் ஹாலோவீன் விருந்துக்குப் போக வேண்டியவன், வேறு வீட்டில் மணியை அடித்துவிட்டான். பயந்துபோன வீட்டுக்காரர் அசையாதே என்று கத்தினார், பையன் புரியாமல் முன்னால் வந்தான், சுட்டுவிட்டார். ஜூரி அவரை விடுவித்தது, பிறகு சிவில் நீதிமன்றம் 6 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பையன் போனது போனதுதான்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் வீடு மாறி மணியடித்ததற்குச் சுடப்பட்டான், நல்லவேளை பிழைத்தான். இரண்டு நாள் கழித்து நியூயார்க் மாநிலத்து ஹெப்ரனில், தவறான வீட்டு வழிக்குள் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் செத்தே போனாள். சுட்டவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை.

ஊரிலிருந்து வரும் நம் அப்பா அம்மாவை யோசித்துப் பாருங்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிற தெருவில் சாயங்காலம் நடந்துவிட்டுத் திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட மாட்டார்களா? எனக்கு இதை நினைத்தாலே பதறுகிறது. முதலில் விளக்கைப் போடுங்கள், குரல் கொடுங்கள், முகத்தைப் பாருங்கள்.

எச்1பி_நண்பன்:
சகோ, உங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் பிரச்சினை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எச்1பி (வேலை விசா), எச்4 (அவர்கள் குடும்பத்தினருக்கான விசா), விசிட்டர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்கு மட்டும் உண்டு. மாநிலத்தில் பெர்மிட் தேவையில்லை என்பதை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

வேண்டாம்_என்றவள்:
நாங்கள் பேசிப்பார்த்து வாங்காமலே விட்டோம். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகும் உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. திருடன் வருவானா என்று கேட்பதற்கு முன் வீட்டில் யாராவது மனம் சோர்ந்து கிடக்கிறார்களா என்று கேட்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு அப்படி இருந்தவர்களை எனக்குத் தெரியும், வேலை போய் வெளியே சொல்லாமல் இருப்பவர்களும் உண்டு. நகையை பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோனோம், வாசல் கதவுச் சட்டத்துக்கு நீள ஸ்குரூ போட்டோம், கேமரா வைத்தோம். வாங்கினால் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள் அண்ணா. 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை கையில் கிடைக்கும்படி விட்டால் டெக்சஸில் அதுவே குற்றம்.

பிரிஸ்கோவாசி:
எல்லோருக்கும் நன்றி. நகை திங்கட்கிழமை லாக்கருக்குப் போகிறது. மணி அண்ணா, பெரியவளிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

மணி அண்ணன், ஆஸ்டின்:
சொல்லுங்கள். மறைத்தால் பிள்ளை தேடும். எங்கே பார்த்தாலும், சிநேகிதி வீடாக இருந்தாலும், தொடாதே, அந்த இடத்தை விட்டு வா, பெரியவர்களிடம் சொல். இதைப் பழக்குங்கள். ஆனால் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோமே என்று பூட்டாமல் விடக்கூடாது. பெட்டியின் நம்பர் உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம். முதலில் பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேருமாகப் போய்வாருங்கள், வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.