புதுப்பிப்பு: ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோ நன்றாகவே வந்துவிட்டது

தைப்பூச விரதத்தின்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க, ஜெலட்டின் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இல்லாமல் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாய் செய்ய வழி கேட்டிருந்தேன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் அகார் கலந்த சீனிப் பாகை ஊற்றினால், கொண்டைக்கடலைத் தண்ணீரை அடித்த நுரை ஏன் கட்டி கட்டியாகிறது என்பதும் அப்போது கேட்டதுதான். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பாகின் சூடு குறைவதுதான் காரணம். அகார் அகார் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் முழுதாகக் கரையும். 40க்குக் கீழே வந்தாலே இறுகிவிடும். அதனால் தூளைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம்தான் சீனி போட்டுப் பாகு காய்ச்சுகிறேன். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை முட்டை வெள்ளைக் கரு பதத்துக்கு வற்றவைத்து ஆறவிட வேண்டும். அதில் ஒரு சிட்டிகை கிரீம் ஆஃப் டார்ட்டர் (நுரை அடங்காமல் நிற்க உதவும் புளிப்புத் தூள்) போட்டு, மத்தைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்கும் வரை அடியுங்கள். அடிப்பதை நிறுத்தாமலேயே, சூடான பாகைக் கிண்ணத்தின் ஓரமாக நூல் போல ஊற்றுங்கள். கலந்ததும் தட்டில் கொட்டிவிட வேண்டும், யோசிக்க நேரமில்லை.

கடையில் வாங்குவதுபோல் இழுவை இருக்காது. ஜெலட்டின் வாய்ச்சூட்டில் உருகும், அகார் அகார் உருகாது. கடித்தால் சட்டென்று துண்டாகும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, அக்கா பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

பினாங்கு ஈரக்காற்றில் வெளியே வைத்தால் பிசுபிசுத்துவிடும். ஐசிங் சீனியும் சோளமாவும் கலந்து எல்லாப் பக்கமும் பிரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பாண்டான் (ரம்பை) இலைச் சாறு சேர்த்துச் செய்ய ஆசை. செய்தவர்கள் இருந்தால், பாகில் ஊற்றினீர்களா, நுரையிலா?