மட்டையை எறிந்தால் பந்தால் அடிப்பதா? பேஸ்பால் ரசிகர்கள் பார்த்ததும் பட்டதும்

ஸ்காபரோ

ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் அணியின் ஹோசே பாட்டிஸ்டா ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்துவிட்டு மட்டையை எறிந்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறோம். அப்படிக் கொண்டாடுவது அவமரியாதை என்று சொல்லி, பந்து எறிகிற பிட்ச்சர் பிறகு அடிப்பவரை வேண்டுமென்றே பந்தால் அடிப்பது பேஸ்பாலில் எழுதாத வழக்கம். அந்த ஒரு கணத்தை வீடியோவில் பார்த்தவர்கள் ஏராளம். அதற்கு முன் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு. அன்றைக்கு நான் ரொறன்ரோவின் ரோஜர்ஸ் சென்டர் மைதானத்தின் மேல்தட்டில் இருந்தேன், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

2015 அக்டோபர் 14. ரெக்சாஸ் ரேஞ்சர்ஸோடு ஐந்தாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ப்ளூ ஜேஸ் 1993இல் உலகத் தொடரை வென்ற பிறகு பிளேஆஃப் (சீசன் கடைசியில் வரும் நாக்அவுட் சுற்று) பக்கமே வராத அணி. 1993இல் ரொறன்ரோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்த எங்கள் சனத்துக்கு பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. 2015இல் அவர்களுடைய பிள்ளைகள் நீலத் தொப்பியோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது, 2-2. அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் எங்கள் கேட்சர் ரஸ்ஸல் மார்ட்டின் பந்தை பிட்ச்சரிடம் சும்மா திருப்பி எறிகிறார். அது அடிக்க நின்ற ரெக்சாஸின் சூ ஷின்-சூவின் மட்டையில் பட்டு உருண்டு போகிறது. மூன்றாம் பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓடும் நிறுத்தங்களில் கடைசி) நின்ற ரெக்சாஸின் ரூக்நெட் ஓடோர் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டார். அம்பயர் முதலில் ஆட்டத்தை நிறுத்தினார், பிறகு எல்லா அம்பயர்களும் கூடிப் பேசி ரன்னைக் கொடுத்தார்கள். சூ வேண்டுமென்று தடுக்கவில்லை, விதிப்படி அந்த ரன் சரியானது. ஆனால் யார் கேட்டார்கள்? மேலிருந்து போத்தல்களும் பியர் கேன்களும் பறந்தன. கீழே குழந்தைகளோடு இருந்தவர்கள் ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் நெடுநேரம் நின்றது. அன்றைக்கு வெட்கப்பட வேண்டியது ஒன்று இருந்தால் அது அந்தக் கேன்கள்தான்.

அடுத்து ஜேஸ் ஆட வந்ததும் ரெக்சாஸ் அடுத்தடுத்து மூன்று பந்துகளைக் கோட்டை விட்டது. 3-3 ஆனது. இரண்டு பேர் பேஸில் நிற்க, சாம் டைசன் எறிந்த பந்தை பாட்டிஸ்டா இடது பக்கத் தட்டுக்கு அனுப்பினார். நின்றார், பார்த்தார், மட்டையைச் சுழற்றி எறிந்தார். 6-3. கொங்கிரீட் தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது. என்னை யாரோ கட்டிப்பிடித்தார், அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் டைசன் குறைப்பட்டார். பாட்டிஸ்டா ஆட்டத்துக்கு இன்னும் மரியாதை கொடுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்றார். பழகினார்கள், உண்மைதான். என் அக்காவின் மகன் அடுத்த கோடை முழுவதும் பூங்காவில் மட்டை எறிந்து பழகினான். ஆனால் முதலில் அடிக்கப் பழகினான். அதில் எந்தக் கெடுதலும் எனக்குத் தெரியவில்லை.

ஆர்லிங்டன், டெக்சஸ்

ஸ்காபரோ அண்ணா, நான் அந்தப் பக்கத்து ஆள். ரேஞ்சர்ஸ் ரசிகன். நீங்கள் சொன்னதன் தொடர்ச்சியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் ஊரில் நடந்தது.

2016 மே 15. அந்த சீசனில் இரண்டு அணிகளும் மோதும் கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ் வரை யாரும் எதுவும் செய்யவில்லை. அப்புறம் மேட் புஷ் எறிந்த வேகப்பந்து நேராக பாட்டிஸ்டாவின் உடம்பில் பட்டது. புஷ் அக்டோபரில் எங்கள் அணியிலேயே இல்லை. அவருக்கும் அந்த மட்டை எறிதலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏழு மாதம் காத்திருந்து, திருப்பி அடிக்க இனி ஆட்டமே இல்லாத நாளாகப் பார்த்து எறிந்தால் அதற்குப் பெயர் வீரமா?

பாட்டிஸ்டா முதல் பேஸுக்குப் போனார். பிறகு ஒரு பந்தடியில் இரண்டாம் பேஸில் ஓடோரின் கால்களை நோக்கி வேண்டுமென்றே சறுக்கினார். ஓடோர் அவர் தாடையில் ஒரு குத்து விட்டார். வீரர்கள் உட்காரும் இரண்டு டக்அவுட்டும் காலி, எல்லோரும் மைதானத்துக்குள். என்னைச் சுற்றி எல்லோரும் எழுந்து நின்று கொண்டாடினார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “இதோடு கணக்கு முடிந்தது” என்றார். முடியவில்லையே! அதே இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜெஸ்ஸி சாவேஸ் எங்கள் பிரின்ஸ் ஃபீல்டரைப் பந்தால் அடித்தார். ஃபீல்டர் என்ன பாவம் செய்தார்?

ஓடோருக்கு எட்டு ஆட்டத் தடை, மேல்முறையீட்டில் ஏழாகக் குறைந்தது. சாவேஸுக்கு மூன்று. பாட்டிஸ்டாவுக்கு ஒன்று. அந்த அக்டோபரில் மறுபடியும் அதே இரண்டு அணிகள் பிளேஆஃபில் மோதின. டொராண்டோ மூன்று ஆட்டத்தையும் வென்றது. மூன்றாவது ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸில் எப்படி முடிந்தது தெரியுமா? ஓடோர் முதல் பேஸுக்கு எறிந்த பந்து விலகிப்போய், ஜாஷ் டொனால்ட்சன் ஓடி வந்து வெற்றி ரன் எடுத்தார். குத்தினால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

நியூ ஜெர்சி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தம்பிகள் கோபப்பட வேண்டாம். பந்தால் அடிப்பது தப்பு, அதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் “மகிழ்ச்சிதானே, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்பதும் சரியில்லை.

நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்ச்சர் மேரியானோ ரிவேரா எறிவதை யாங்கீ ஸ்டேடியத்தில் பார்த்து வளர்ந்த ரசனை என்னுடையது. ஆட்டத்தை முடித்துவிட்டு கேட்சரிடம் நடந்து போய்க் கை கொடுப்பார், அவ்வளவுதான். 652 ஆட்டங்களை அப்படி முடித்துக் கொடுத்தவர். 2019இல் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன முதல் ஆள். தோற்றுத் தலை குனிந்து போகிற எதிராளியை அவர் ஒருநாளும் முறைத்ததாக எனக்கு நினைவில்லை.

அவருக்கு உணர்ச்சி இல்லையா? 2003இல் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம். பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரோன் பூன் ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். எல்லோரும் ஆரோன் பூன் பக்கம் ஓட, ரிவேரா தான் நின்று எறிந்த மவுண்டுக்கு ஓடிப்போய் அதன்மேல் விழுந்து அழுதார். அந்த அழுகை யாரையும் பார்த்து இல்லை. எனக்கு வேண்டிய கோடு அங்கேதான் இருக்கிறது. தன் டக்அவுட்டைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, ரசிகர்களைப் பார்த்து ஆடட்டும். பிட்ச்சரை முறைத்துக்கொண்டு ஆட வேண்டாம்.

சான் டியேகோ

கொண்டாட்டத்தை விடுங்கள். நன்றாக அடித்ததற்கே எங்கள் பையன் திட்டு வாங்கினான்.

2020 ஆகஸ்ட் 17, கொரோனா காலம், காலி மைதானம், எல்லோரும் வீட்டில் டிவி முன்னால். எங்கள் பாட்ரஸ் அணி டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 10-3 என்று முன்னணி. எட்டாவது இன்னிங்ஸ், எல்லா பேஸிலும் ஆள். பிட்ச்சர் மூன்று பந்தை வெளியே எறிந்துவிட்டார், ஸ்டிரைக் ஒன்றுகூட இல்லை. நான்காவதும் வெளியே போனால் ரன் சும்மா போய்விடும், அதனால் நடுவில் போட்டே ஆக வேண்டும். இவ்வளவு முன்னணியில் இருக்கும்போது அந்தப் பந்தை அடிக்காமல் விடுவது “மரியாதை” என்கிறார்கள். 21 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் அடித்தார், நான்கு ரன். ரேஞ்சர்ஸ் மேனேஜர் கிறிஸ் உட்வர்டுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வந்த பிட்ச்சர் இயன் கிபோ எறிந்த பந்து அடுத்து அடிக்க வந்த எங்கள் மேனி மச்சாடோவின் முதுகுக்குப் பின்னால் போனது. கிபோவுக்கு மூன்று ஆட்டத் தடை, உட்வர்டுக்கு ஒன்று. இதில் எனக்கு ஆறாத விஷயம், எங்கள் மேனேஜரே “சைகையைக் கவனிக்காமல் அடித்துவிட்டார்” என்று டாட்டிஸை விட்டுக்கொடுத்ததுதான்.

என் மகள் சிறுவர் லீக்கில் ஆடுகிறாள். அங்கே நான்கு இன்னிங்ஸ் ஆனபின் பத்து ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துவிட விதியே இருக்கிறது. பெரிய லீக்கில் அப்படி எதுவும் கிடையாது, கடைசி அவுட் வரை ஆட வேண்டும். நிறுத்தவும் மாட்டீர்கள், அடிக்கவும் கூடாது என்றால் மட்டையோடு நிற்பவன் என்னதான் செய்வான்?

இரண்டு நாள் கழித்து எங்கள் ஊரில் அதே டெக்சஸுக்கு எதிராக, பத்தாவது இன்னிங்ஸில், அதே மச்சாடோ எல்லா பேஸும் நிரம்பியிருக்க ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். பதில் சொல்வது என்றால் அதுதான் பதில்.

சியோல்

வேலைக்காகக் கொரியா வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்கவே தொடங்கினேன். அதனால் உங்கள் சண்டை எனக்குக் கொஞ்சம் வியப்பு. இங்கே ஜாம்சில் மைதானத்தில் ஹோம் ரன் அடித்தவர் பேட்டை வீசாவிட்டால்தான் ரசிகர்களுக்குக் குறை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு, மேடையில் நின்று பாட வைக்க ஒருவர், கையில் வறுத்த கோழியும் பியரும். சில நேரம் பேட்டை வீசிய பிறகு பந்து எல்லைக்குள்ளேயே விழுந்து கேட்ச் ஆவதும் உண்டு. அப்போதும் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். பந்து தவறி ஆட்டக்காரர் மேல் பட்டுவிட்டால், பெரும்பாலும் பிட்ச்சர் தொப்பியைக் கழற்றித் தலை குனிகிறார். பட்டவர் தன்னைவிட வயதில் மூத்தவர் என்றால் கட்டாயம் குனிகிறார். எந்த விதிப் புத்தகமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. முதல் முறை பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்துப் போனது. நியூ ஜெர்சி ஐயா கேட்கிற மரியாதை இங்கே எறிகிறவர் பக்கம் இருக்கிறது.

சென்னை

பேஸ்பால் எனக்குப் புதிது, ஆனால் இந்த வாதம் புதிதில்லை. 2019 ஐபிஎல்லில் ஜெய்ப்பூரில் அஸ்வின், பந்து வீசும் முன்பே கிரீஸைத் தாண்டிய பட்லரை ரன் அவுட் செய்தாரே, அப்போது எத்தனை பேர் ஆட்டத்தின் ஆன்மாவைக் காப்பாற்றக் கிளம்பினார்கள்! 2022இல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அந்த அவுட்டை முறையற்ற ஆட்டம் பற்றிய பகுதியிலிருந்து எடுத்து ரன் அவுட் பகுதிக்கு மாற்றியது. எழுத்தில் கொண்டுவந்த பிறகு சண்டை நிறையவே தணிந்திருக்கிறது.

ஸ்காபரோ

சென்னைத் தம்பி சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். நியூ ஜெர்சி ஐயா போட்ட எல்லைக்கோட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாட்டிஸ்டா டைசன் இருந்த திசையில் பார்த்துவிட்டுத்தான் மட்டையை எறிந்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பார்வையையும் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 1920 ஆகஸ்டில் நியூயார்க்கில் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு, கிளீவ்லாண்டின் ரே சாப்மன் மறுநாள் இறந்துபோனார். மேஸ் வேண்டுமென்று எறிந்தார் என்று நான் சொல்லவில்லை. பந்து என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன்.

2018இல் அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஹோம் ரன் அடித்தார். வயது இருபது. அடுத்த ஆட்டத்தில் மயாமியின் ஹோசே உரேனா முதல் பந்தையே அவர் முழங்கையில் போட்டார். தடை ஆறு ஆட்டம். தொடக்க பிட்ச்சர் எப்படியும் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் எறிவார். ஆறு ஆட்டத் தடை என்றால் அவருடைய முறை ஒன்று தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

அதனால் நாட்கணக்கை விட்டுவிட்டு, அவர் எறிய வேண்டிய முறைகளைக் கணக்கு வையுங்கள். வேண்டுமென்று அடித்தால் ஐந்து முறை எறியக்கூடாது, அந்த இடத்தில் அணி வேறு ஆளைச் சேர்க்கவும் கூடாது என்று விதியில் எழுதட்டும். பேட்டை யார் எவ்வளவு உயரம் எறிகிறார்கள் என்பதை அதற்குப் பிறகு ஆறுதலாக இருந்து கதைக்கலாம்.