புதுப்பிப்பு: படகு எஞ்சின் திருட்டுப் புகார்

பாம்பன் கரையில் நிறுத்தியிருந்த மாமாவின் நாட்டுப்படகிலிருந்து எஞ்சின் களவு போனதையும், புகார் கொடுக்கப் போன நிலையத்தில் ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். எஞ்சின் இன்னும் அகப்படவில்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, நகலும் கைக்கு வந்துவிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்று அதே பிரிவு சொல்கிறது, எங்களுக்கு அந்தப் பதிவுத் தபால்தான் கைகொடுத்தது. மாமா ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருந்த எஞ்சின் எண்ணையும் அதில் சேர்த்திருந்தோம்.

மனு ஏற்பு ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அறிக்கையின் நகலுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.