ஜிஆர்இ வொக்காபுலரி: தினம் 40 சொல் படித்தும் நிற்கவில்லை, எங்கே தவறுகிறது?

கீழவாசல்:

வணக்கம் நண்பர்களே. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வில் வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதிக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஆபீஸ் மெயில், செய்தித்தாள் அளவுக்கு இங்கிலீஷ் தடையில்லாமல் ஓடும். அதற்கு மேலே உள்ள சொற்கள்தான் சிக்கல். நோட்டில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம் என்று அகர வரிசையில் தினம் 40 எழுதிப் படிக்கிறேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. நிற்கிற சொற்களும் கேள்வியில் வந்தால் குழப்புகின்றன. ஐந்து ஆப்ஷனில் மூன்று ஒரே அர்த்தமாகத் தெரிகின்றன. எழுதும்போது ஒன்றுகூடக் கைக்கு வருவதில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை சொல், எப்படிப் படிக்கலாம்? வேர்ச்சொல் புத்தகம் வாங்கலாமா?

தாளடி:

முதலில் 40-ஐ 10-ஆகக் குறையுங்கள். கணக்கு இதுதான்: ஆங்கி மாதிரி இடைவெளி விட்டுக் கேட்கும் ஆப்பில் ஒரு புதுச் சொல்லைக் கார்டாக (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) போட்டால் அது மறுநாள், சில நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று திரும்பத் திரும்ப வரும். தினம் 10 புதுச் சொல் போட்டால் சில வாரங்களில் மறுபார்வை மட்டும் தினம் 70 முதல் 100 கார்டு வரை ஏறும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 40 போட்டால் அதுவே 300-ஐத் தாண்டும். நாலு நாள் தவறினால் ஆயிரத்துக்கு மேல் குவிந்து நிற்கும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தினம் 10 போதும். கடைசி மூன்று வாரம் புதுச் சொல்லே போடாமல் மறுபார்வை மட்டும் செய்தாலும் 1,200-க்கு மேல் கையில் இருக்கும்.

அகர வரிசையை இன்றே விடுங்கள். அபேட், அபெட், அபாஷ் மூன்றையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றின் அர்த்தம் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். உருவத்தில் ஒத்த சொற்களையும் பொருளில் ஒத்த சொற்களையும் முதன்முதலாகப் படிக்கும்போது சேர்த்துப் படிக்கக் கூடாது. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, பத்துப் பதினைந்து நாள் தள்ளி அடுத்ததைப் போடுங்கள்.

கார்டு செய்யும் முறையும் முக்கியம். முன்பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தம் என்று வைத்தால் பார்த்தால் தெரியும், எழுத வராது. எழுதும்போது ஒன்றும் கைக்கு வரவில்லை என்றீர்களே, அதற்குக் காரணமே அதுதான். முன்பக்கம் ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியம் வையுங்கள். சொல் இருந்த இடத்தில் முதல் எழுத்தும் ஒரு கோடும் மட்டும் இருக்கட்டும். மிட்டிகேட் என்ற சொல்லுக்கு, புது வடிகால்கள் வெள்ளச் சேதத்தைத் தணிக்கும் என்கிற பொருளில் ஒரு வாக்கியம், காலி இடத்தில் 'எம்' எழுத்து. அந்த எழுத்து இல்லாவிட்டால் ரெட்யூஸ் என்று மனம் எளிய சொல்லுக்கு ஓடிவிடும், அதையும் தப்பென்று சொல்ல முடியாது. பின்பக்கம் சொல், ஒலிப்பதிவு, ஒரு வரி இங்கிலீஷ் விளக்கம், அது சேர்ந்து வரும் சொற்கள்: ரிஸ்க், டேமேஜ், இம்பேக்ட், எஃபெக்ட். ஒரு கார்டில் ஒரு பொருள் மட்டும்.

எட்டுத் தடவை மறந்த கார்டுக்கு ஆங்கி தானாகவே லீச் என்று முத்திரை குத்தும். அதை ஒன்பதாம் தடவை முட்டிமோதிப் படிப்பதில் பயனில்லை. வாக்கியத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் எந்தச் சொல்லோடு குழம்புகிறது என்று கண்டுபிடித்து அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒரு கார்டு செய்யுங்கள்.

அகவல்:

தாளடி சொன்ன முறை சரி. எந்தச் சொல்லைப் போடுவது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கிறது. 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), பத்துப் பிரிவுகள், அதிகம் புழங்குவது முதல் பிரிவில். அவர் எடுத்த கல்வித்துறை நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் தெரிந்திருக்கும், ஆனால் தெரிந்ததாக நினைத்து ஏமாறுகிற சொற்களும் அங்கேதான் இருக்கின்றன. அதில் ஓட்டை வைத்துக்கொண்டு அரிய சொற்களுக்குப் போனால் ரீடிங் பத்தியில் அடிபடுவீர்கள்.

பழைய ஜிஆர்இ பட்டியல்கள் பல, எதிர்ச்சொல்லும் அனாலஜியும் (சொல் ஜோடிகளின் உறவை ஒப்பிடுவது) கேட்ட காலத்தில் செய்தவை. அந்த இரண்டு வகைக் கேள்வியையும் 2011-இலேயே எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு வெர்பல் மொத்தமே 27 கேள்வி, 41 நிமிடம். இப்போதைய கேள்விகளில் சொல் வாக்கியத்துக்குள் உட்கார வேண்டும், தனிச் சொல்லின் அர்த்தம் தெரிந்து மட்டும் மதிப்பெண் வராது.

வாசிப்புக்கு ஒரு அளவுகோல். ஒரு கட்டுரையில் 300 சொல் எண்ணிக்கொண்டு தெரியாததை அடிக்கோடிடுங்கள். ஆறுக்குள் இருந்தால் உங்களுக்கேற்ற கட்டுரை. பதினைந்து இருபது போனால் ஊகித்துப் புரிந்துகொள்ள இடமே இருக்காது, அகராதிதான் படித்துக்கொண்டிருப்பீர்கள். நூற்றுக்கு 98 சொல் தெரிந்தால்தான் துணையில்லாமல் படிக்க முடியும் என்று வைத்து, அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பம் தேவை என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவையும் கார்டு போட்டு முடிக்க முடியாது. வாசிப்பிலிருந்து வாரத்துக்கு இருபது சொல் எடுங்கள். வேறு வேறு இரண்டு இடத்தில் கண்ணில் பட்டால் மட்டும் எடுங்கள்.

அகராதி என்றால் காலின்ஸ் கோபில்டைத்தான் முதலில் சொல்வேன். விளக்கமே முழு வாக்கியமாக வரும், யார் எதைச் செய்தால் அந்த வினை பொருந்தும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

செம்மண்:

ஐந்து ஆப்ஷனில் மூன்று ஒன்றுபோலத் தெரிகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஒரே பொருள் கொண்ட சொற்களைக் கட்டாகக் கட்டி மனப்பாடம் செய்ததன் விளைவு அது. ஃப்ரூகல், பார்சிமோனியஸ், மைசர்லி மூன்றுக்கும் நோட்டில் சிக்கனம் என்று எழுதியிருப்பீர்கள். முதலாவது பாராட்டு, மற்ற இரண்டும் பழிப்பு. தன் எளிய வாழ்க்கையால் மதிக்கப்பட்டவர் என்று வாக்கியம் போனால் பார்சிமோனியஸ் அங்கே வரவே வராது. ஆகவே ஒவ்வொரு கார்டிலும் ஒரு குறி போடுங்கள்: கூட்டல் என்றால் பாராட்டு, கழித்தல் என்றால் பழிப்பு, இரண்டுமில்லை என்றால் பூஜ்யம். முழு அர்த்தம் மறந்தாலும் இந்தக் குறி நினைவிருந்தால் பாதி ஆப்ஷனை அடித்துவிடலாம்.

சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் என்ற கேள்வி வகையில், காலி இடத்தில் போட்டால் வாக்கியம் ஒரே பொருள் தரும் சொற்களாக ஆறில் இரண்டு தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இங்கே இரண்டு கண்ணி. வாக்கியத்துக்கு அழகாகப் பொருந்தும் ஒரு சொல் இருக்கும், அதற்கு ஜோடி இருக்காது. ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும் ஜோடி ஒன்றும் இருக்கும், அது வாக்கியத்துக்குப் பொருந்தாது. ஆப்ஷனைப் பார்க்கும் முன்பே காலி இடத்துக்கு உங்கள் சொந்தச் சொல்லைத் தமிழிலாவது மனதில் போட்டுவிடுங்கள்.

அரிய சொல்லைவிட ஆபத்தானது தெரிந்த சொல்லின் இரண்டாவது பொருள். குவாலிஃபைட் சப்போர்ட் என்றால் தகுதியான ஆதரவு இல்லை, நிபந்தனையோடு தரும் ஆதரவு. ஃப்ளாக் வினையாக வந்தால் சோர்ந்து தளர்வது. ஹஸ்பண்ட் வினையாக வந்தால் சிக்கனமாகச் செலவழிப்பது. வான்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் இல்லாமை. டெம்பர் வினையானால் மட்டுப்படுத்துவது. இவற்றை அகராதியில் யாரும் தேடுவதில்லை, தெரியும் என்ற நினைப்பிலேயே போய்விடுகிறோம். அன்றாடச் சொல் ஒரு வாக்கியத்தில் உறுத்தினால் உடனே நின்று பாருங்கள்.

வேர்ச்சொல் புத்தகம் வாங்கலாம், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். லோக்வேஷியஸ், எலக்வன்ட், சர்க்கம்லொக்யூஷன் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்த பிறகு, பேசுதல் என்ற லத்தீன் வேர் மூன்றிலும் இருக்கிறது என்று பார்த்தால் நன்றாகப் பதியும். வேரை மட்டும் வைத்து அர்த்தம் ஊகித்தால் மாட்டிக்கொள்வீர்கள். எனர்வேட் என்றால் பலவீனமாக்குவது, எனர்ஜியோடு தொடர்பே இல்லை. நாய்ஸம் என்றால் துர்நாற்றம் வீசுவது, சத்தத்துக்குச் சம்பந்தமில்லை. இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றுவது, தீப்பற்றாதது இல்லை. டிஸின்ட்ரஸ்டட் என்பது நடுநிலையாக இருப்பது, ஆர்வமில்லாமல் இருப்பது இல்லை. பொய் சொல்லும் சொற்கள் என்று இவற்றுக்குத் தனி டெக் (கார்டுக் கட்டு) வைத்துக்கொள்ளுங்கள்.

கீழவாசல்:

மிக்க நன்றி. கூட்டல், கழித்தல் குறி போடுவதை இதுவரை யாரும் சொன்னதில்லை. தமிழ் அர்த்தத்தைக் கார்டிலிருந்து முழுக்க எடுத்துவிடவா? எழுதிப் பழகுவது எப்படி?

தாளடி:

எடுக்க வேண்டாம், விளக்கத்துக்குக் கீழே வையுங்கள். புதுச் சொல்லை முதலில் பிடிக்கத் தாய்மொழி நல்ல பிடி. ஒரே சொல்லில் முடிக்காமல் ஒரு வரியாக எழுதுங்கள். ஆம்பிவலன்ட் என்பதற்கு அக்கறையில்லாத என்று எழுதினால் தப்பு. ஒன்றின் மேல் விருப்பமும் வெறுப்பும் ஒரே நேரத்தில் இருப்பது என்று எழுதுங்கள். உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள். பேக் என்று எழுதிவைத்தால் மூட்டை கட்டுவதா முதுகா என்று தெரியாது. அகராதியில் ஒலியைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். ஹைபர்போலி, எபிடமி இரண்டுக்கும் நாலு அசை. எழுத்தைப் பார்த்து மூன்றாகச் சொல்கிறவர்கள் நிறைய.

எழுத்துக்கு: ஞாயிற்றுக்கிழமை அந்த வாரச் சொற்களில் ஆறு மட்டும் எடுத்து 150 சொல்லில் ஒரு பத்தி. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் அகராதியின் உதாரண வாக்கியங்களோடு ஒப்பிடுங்கள். மூன்று விஷயம் பார்த்தால் போதும்: எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது, பின்னால் எந்த முன்னிடைச் சொல், எவ்வளவு முறைசார்ந்த நடை. அவெர்ஸ் வந்தால் பின்னால் டு. டிவாய்ட் வந்தால் ஆஃப். டிஸ்கஸ் செய்யும்போது அபவுட் வேண்டாம், கம்ப்ரைஸ் செய்வினையில் வந்தால் ஆஃப் வேண்டாம். தப்பிய இடத்தை அப்படியே காலி இடமாக்கி ஒரு கார்டு போட்டுவிடுங்கள். ஒரு பத்தியில் ஆறுக்கு மேல் திணிக்க வேண்டாம்; ஏழாவது சொல்லுக்காக வாக்கியத்தை வளைக்கத் தொடங்கிவிடுவீர்கள்.