நாரி ஒப்பரேஷன் முடிந்து எட்டு மாதம், இப்போது பிட்டத்தில் புது நோவு

உவர்மலை மகன்:
வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. கொழும்பில் நாரியில், அதாவது கீழ்முதுகில், எல்4 என்ற எலும்பு தொடங்கி முதுகெலும்பின் அடியிலுள்ள எஸ்1 வரை ஸ்க்றூ வைத்து இணைத்தார்கள். காலுக்கு ஓடிய குத்து அதோடு நின்றுவிட்டது, அது பெரிய ஆறுதல். ஆனால் நாலைந்து மாதம் போக வலது பக்கம், நாரிக்குக் கீழே, பிட்டத்தின் மேற்பகுதியில் வேறு மாதிரியான நோவு தொடங்கிவிட்டது. கதிரையை விட்டு எழும்பவும் படுக்கையில் புரளவும் துடிக்கிறார். கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், பாதிப் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எக்ஸ்றேயில் எல்லாம் சரியாம். திரும்பவும் வெட்டுவார்களோ என்ற பயத்தில் அம்மா சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் சரிவரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். யாருக்காவது இப்படி வந்ததா?

நிலாவெளி அக்கா:
தம்பி, எனக்கு இதேதான் வந்தது. எந்த இடம் நோகுது என்று அம்மாவை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிட்டத்துக்கு மேலே இருக்கும் குழிக்குச் சற்றுக் கீழே திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தொட்டால், எஸ்.ஐ. ஜொயின்டாக இருக்கலாம், அதாவது முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டு. அது சாதாரணமாகச் சில மில்லிமீற்றர்தான் அசையும். மேலே உள்ள மூட்டுகளைப் பூட்டிவிட்டால் அவை தாங்கிய பாரமெல்லாம் இதன்மேல் இறங்குகிறது, எஸ்1 வரை இணைத்தவர்களுக்கு இன்னும் கூட. படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அதனால்தான் என்னையும் ஒரு வருடம் "படம் நல்லாயிருக்கு" என்றே வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் மனம் கொதிக்கிறது. கடைசியில் ஒரு டொக்டர் காலை மடித்து, இடுப்பை அமத்திப் பார்த்தார். அப்புறம் எக்ஸ்றேயைப் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் விறைப்பூசி போட்டார், அன்றைக்கே முக்கால்வாசி நோவு இல்லை. ஊசி வேலைசெய்தால் நோவு அந்த மூட்டில்தான் என்று பிடிக்கலாம். இதைக் கேட்காமல் இன்னொரு ஒப்பரேஷனுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பிசியோ, உப்புவெளி:
அக்கா சொன்னதுதான் சரியான வழி, ஆனால் இணைத்த இடத்துக்கு மேலே எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு, ஸ்க்றூ தளர்வு, இடுப்பு மூட்டு இவற்றால் நோவு வரவில்லை என்பதையும் டொக்டர் பார்த்து உறுதிசெய்யவேண்டும். மூட்டுதான் என்றால் முதலில் பிட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி. பெல்ட் கட்டுவதென்றால் இடுப்பெலும்பைச் சுற்றிக் கீழே கட்டவேண்டும், நிறையப்பேர் வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதிலும் அடங்காவிட்டால் ஸ்டீரொயிட் ஊசி, நரம்பைச் சுடுகிற சிகிச்சை. மூட்டையே இணைப்பது கடைசி. வெந்நீர் தசைப்பிடிப்பைக் கொஞ்சம் இளக்கும், மூட்டைத் திருத்தாது. கொழும்பு பஸ்ஸில் போனால் வழியில் ஹபரணையில் இறக்கி நடக்கவிடுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், கால் பலம் குறைவு, சிறுநீர் வராமை, தொடை நடுவே விறைப்பு, இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி.

உவர்மலை மகன்:
இப்போதான் கேட்டேன். மூன்று தரமும் அதே இடத்தில்தான் விரலை வைத்தார். காய்ச்சல், விறைப்பு ஒன்றும் இல்லை. வருகிற வியாழன் கிளினிக், இந்த ஊசியைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறேன். அக்கா, அந்த ஊசிக்கு மயக்க மருந்து கொடுத்தார்களா? அம்மா அதைத்தான் முதலில் கேட்கிறார்.

நிலாவெளி அக்கா:
இல்லை தம்பி, முழிப்பாகத்தான் இருந்தேன். குப்புறப் படுத்துக் கொஞ்ச நேரம்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பிடச் சொல்லுங்கள்.