குன்னூர் கடைவீதியின் பழைய கட்டடங்களைச் சரிசெய்ய நகரச் சீரமைப்பு நிதி கிடைக்குமா?

ஜவுளிக்கடை, கீழ்க்குன்னூர்

வணக்கம். பஸ் நிலையத்திலிருந்து நடந்துவரும் தூரத்தில் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஜவுளிக்கடை இருக்கிறது. கட்டடம் வாடகைக்கு எடுத்தது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர், மேலே தகரக் கூரை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறிவிடும். ஸ்வெட்டர் கட்டுகளையும் கம்பளியையும் கடை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அவற்றுக்கு இடையில் நின்றுதான் வியாபாரம் பார்க்கிறோம். சுவிட்ச் போர்டைத் தொடவே பயமாக இருக்கிறது.

நகரச் சீரமைப்பு என்று பணம் வந்தால் நடைபாதைக்கு பேவர் பிளாக் போடுகிறார்கள், விளக்கு வைக்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த நடைபாதையை ஒட்டி நிற்கும் கட்டடங்களும் சேர்ந்ததுதானே கடைவீதி? கூரை, சுவர், வயரிங் இவற்றைச் சரிசெய்ய அந்த நிதியில் ஒரு பங்கு தரக்கூடாதா? வேறு ஊர்களில் தருவதாகக் கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர், கோத்தகிரி

தம்பி, 2005இல் வந்து இப்போது முடிந்துவிட்ட ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டமும் சரி, 2015இல் வந்த அம்ருத் என்ற மத்திய அரசுத் திட்டமும் சரி, குடிநீர், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் மாதிரியான பொதுப் பணிகளுக்கானவை. தனியார் சுவருக்கு அந்தப் பணம் வராது. சிறு வியாபாரிகளுக்கு வங்கியில் பிணை இல்லாமல் தரும் முத்ரா கடன் இருக்கிறது. ஆனால் அது கடன், வட்டியோடு கட்ட வேண்டும்.

இன்னொன்று, கூரையை மாற்றும் சாக்கில் உயர்த்திவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் 7 மீட்டர் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதி வாங்கிவிட்டுக் கை வையுங்கள். அப்புறம், பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே பூசாதீர்கள். உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லே உதிர ஆரம்பித்துவிடும். முதலில் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மலைச்சரிவில் மேல்கடைக் கூரைத் தண்ணீர்தான் பெரும்பாலும் கீழ்கடையின் பின்சுவரில் இறங்கும்.

குன்னூர்ப் பெண், இப்போது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம்

அண்ணா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இங்கே ஊரின் ஒரு பகுதியைச் சீரமைப்பு வட்டாரம் என்று அறிவிப்பார்கள். அன்றைய சொத்து மதிப்பை அடிப்படையாக நிறுத்திவிட்டு, பிறகு மதிப்பு ஏறுவதால் கிடைக்கும் கூடுதல் வரியை அந்த வட்டாரத்துக்கே செலவிடுவார்கள். 1960 முதல் ஓரிகனில் இந்த வழி இருக்கிறது. அதிலிருந்து பல ஊர்களில் கடை முகப்பு, கூரை, பெயர்ப்பலகைக்கு மானியம் தருகிறார்கள். பொதுவாகக் கடைக்காரரும் ஒரு பங்கு போட வேண்டும். வேலையை முடித்து ரசீது காட்டிய பிறகே பணம் வரும். கையில் முதல் இல்லாத சின்னக் கடைகள் இதில்தான் பின்தங்கிவிடுகின்றன.

அமெரிக்காவில் சீரமைப்பு என்ற பெயரில் முழுத் தெருக்களையே இடித்து, குறிப்பாகக் கறுப்பின மக்களை வெளியேற்றிய வரலாறும் உண்டு. நம் ஊருக்குக் கேட்கும்போது, இருப்பதைப் பழுதுபார்க்க என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள்.

ஹார்டுவேர் கடை, ஊட்டி

எல்லாம் சரி, வாடகையை யோசித்தீர்களா? அரசுப் பணத்தில் கட்டடம் புதிதானால் அடுத்த மாதமே உரிமையாளர் வாடகையை ஏற்றுவார், இல்லை காலி செய்யச் சொல்வார். மானியம் எத்தனை வருடத்துக்குப் பலன் தருமோ அத்தனை வருடம் வாடகை ஏறாது என்று உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தரக்கூடாது என்பேன்.

ஜவுளிக்கடை, கீழ்க்குன்னூர்

எல்லோருக்கும் நன்றி. சார் சொன்னதைப் படித்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மேல்கடைத் தகரத்தின் விளிம்பில் மழைநீரை ஏந்தும் நீர்த்தாரையே இல்லை, தண்ணீர் நேராக எங்கள் சுவரில்தான் விழுகிறது. தனி ஒரு கடை சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை இது. எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நீர்த்தாரையும் கீழே இறங்கும் குழாயும் வடிகாலோடு இணைத்துத் தர வேண்டும் என்று வணிகர் சங்கம் மூலம் மனு எழுதப் போகிறேன். வடிகால் பொதுப்பணிதானே, கேட்க இடம் இருக்கிறது. வாடகை நிபந்தனையையும் அதிலேயே சேர்க்கிறேன். பெயின்ட், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் குன்னூர், வெலிங்டன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் பின்சுவரையாவது முடித்துவிட வேண்டும்.